பேட் செக்டாரை சாஃப்ட்வேர் நிஜமாவே சரி பண்ணுதா, இல்ல மறைக்குதா?

நீங்க கேட்டிருக்கறது இதுதான்னு எடுத்துக்கறேன்: 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், குடும்ப ஃபோட்டோ மொத்தமும் அதுலதான், காப்பி பண்ணும்போது பாதியில தொங்கிடுது, விண்டோஸோட டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்க (chkdsk) ஸ்லாஷ் ஆர் (/r) போட்டு ஓட்டினீங்க, அதுவும் சில ஃபைல்ல பேட் கிளஸ்டர (ஃபைல வைக்க விண்டோஸ் சேத்து எடுக்கற செக்டார் தொகுப்பு) மாத்திட்டேன்னு சொல்லி முடிஞ்சுது, ஆனா டிஸ்க்கோட உடல்நிலையக் காட்டற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இன்னும் மஞ்சள் கலர்ல எச்சரிக்கை காட்டுது, சி5க்கு (படிக்க முடியாம காத்திருக்கற செக்டார்) நேரா 18, 05க்கு (ஸ்பேர் இடத்துக்கு மாத்தின செக்டார்) நேரா 0. கடைக்காரர் ரீஜெனரேட்டர்ங்கற சாஃப்ட்வேர் போட்டா சரியாயிடும்ங்கறார். இதெல்லாம் பழுதான இடத்த, அதாவது பேட் செக்டார, நிஜமா ரிப்பேர் பண்ணுதா இல்ல கண்ணுல படாம ஒதுக்கி வைக்குதா, ஃபோட்டோ கிடைக்குமா கிடைக்காதா, இதுதான் கேள்வி. டேட்டா ரெக்கவரி வேலையில பல வருஷமா இருக்கேன், இந்தக் கேள்வி வாராவாரம் யாராவது கொண்டு வருவாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன். அதுக்கு முன்னாடி அந்த டிஸ்க்க கழட்டி ஓரமா வைங்க, இதப் படிச்சு முடிக்கற வரைக்கும் அதுல எதையும் ஓட்டாதீங்க, திரும்ப செருகும்போது விண்டோஸ் 'ஸ்கேன் பண்ணி சரி பண்ணவா'ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க.

கம்ப்யூட்டர்ல ஓடற எந்த சாஃப்ட்வேருக்கும் பிளாட்டர், அதாவது டேட்டா பதியற தட்டு, கண்ணுலயே படாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரு வரிசை நம்பர் மட்டும்தான். உங்க 1 டிபி டிஸ்க்குன்னா 512 பைட் கணக்குல 195 கோடிக்கு மேல செக்டார் (டேட்டா வைக்கற சின்னத் துண்டு), சரியா சொன்னா 1,953,525,168. சாஃப்ட்வேர் இந்த நம்பர்ல இருக்கறதக் குடுன்னு கேக்கும், இல்ல இந்த நம்பர்ல இத எழுதுன்னு சொல்லும், அவ்ளோதான் அதால முடியும். அந்த நம்பர் எந்த பிளாட்டர்ல எந்தப் பக்கம் எந்த டிராக்ல (வட்டப்பாதையில) இருக்குன்னு முடிவு பண்றது டிஸ்க்குக்குள்ளயே ஓடற அதோட சொந்த சாஃப்ட்வேரான ஃபர்ம்வேர். ஃபேக்டரியிலேர்ந்து வெளிய வரும்போதே எந்த டிஸ்க்கும் சுத்தமா வர்றதில்ல, டெஸ்ட்ல மாட்டின மோசமான இடத்தையெல்லாம் பி-லிஸ்ட்னு ஒரு பட்டியல்ல போட்டு அதத் தாண்டித்தான் நம்பரே குடுக்கறாங்க. அப்புறம் நம்ம கையில வந்தப்புறம் கெட்டுப்போற இடங்களுக்கு ஜி-லிஸ்ட்னு இன்னொண்ணு இருக்கு, அதுல ஏறினதுக்குப் பதிலா ஒதுக்கி வச்சிருக்கற ஸ்பேர் இடத்துலேர்ந்து ஒண்ண எடுத்து அதே நம்பர அங்க கட்டிவிடுவாங்க. கதவு நம்பர் அதேதான், வீடு மட்டும் வேற தெருவுக்குப் போயிடுச்சு. வெளிய இருக்கற சாஃப்ட்வேருக்கு இந்த மாத்தம் நடந்ததே தெரியாது, 05ங்கற எண்ணிக்கை ஏறறத வச்சுத்தான் நாமளே தெரிஞ்சுக்கறோம்.

ஒரு செக்டாரப் படிக்க முடியலைன்னா டிஸ்க் உடனே கைய விரிக்காது. ஒவ்வொரு செக்டாருக்கும் பின்னாடி பிழை திருத்தறதுக்குன்னு கூடுதல் பைட் இருக்கு, பழைய 512 பைட் செக்டார்ல சுமாரா 50 பைட், 2011 வாக்குல எல்லா கம்பெனியும் மாறின அட்வான்ஸ்டு ஃபார்மேட்ல 4096 பைட்டுக்கு சுமாரா 100 பைட். சின்னப் பிழைன்னா அத வச்சே சரி பண்ணிடும், நமக்குத் தெரியவே தெரியாது. அதுக்கு மேல போனா அடுத்த சுத்துல திரும்பப் படிக்கும், படிக்கற, எழுதற முனையான ஹெட்ட டிராக் நடுவுலேர்ந்து ஒரு துளி இந்தப்பக்கம் அந்தப்பக்கம் நகத்திப் பாக்கும், ரீட் சர்க்யூட்டோட செட்டிங்க மாத்தி மாத்திப் பாக்கும். லேப்டாப் சைஸ் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து, அதாவது ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட். நூத்துக்கணக்கான தடவை முயற்சி பண்ணா செகண்ட் கணக்குல போயிடும், சாதாரண டிஸ்க் சில சமயம் ஒரே செக்டாருக்கு ஒரு நிமிஷம் கூட மல்லுக்கட்டும். உங்க காப்பி தொங்கினது இதனாலதான். நாஸ்க்குன்னு (நெட்வொர்க்ல டிஸ்க் வைக்கற பெட்டி) விக்கற டிஸ்க்ல இத வழக்கமா 7 செகண்ட்ல வெட்டி விட்டுடுவாங்க, ஏன்னா அங்க ரெய்டுல (பல டிஸ்க்க சேத்து ஓட்டற முறை) இன்னொரு டிஸ்க்லேர்ந்து அதே டேட்டாவ எடுத்துக்கலாம், ஒத்த டிஸ்க் வச்சிருக்கற நமக்கு அந்த வசதி இல்ல.

இவ்ளோ பண்ணியும் முடியலன்னாதான் ரீட் எரர்னு வெளிய சொல்லிட்டு அந்த செக்டார 'பெண்டிங்'னு குறிச்சு வைக்கும், அதான் உங்க சி5. இங்க ஒரு விஷயம், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ அந்த ரா வேல்யூவ வழக்கமா ஹெக்ஸ்லதான் (பதினாறு பதினாறா எண்ணற முறை) காட்டும், அதனால 18ன்னா பதினெட்டு இல்ல, 24. டிஸ்க் உள்ளுக்குள்ள 4096 பைட் செக்டாரா இருந்தா நிறைய மாடல்ல இந்த எண்ணிக்கை எட்டு எட்டா ஏறும், அப்படிப் பாத்தா உங்களோடது மூணே மூணு ஃபிசிக்கல் செக்டாரா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. எல்லா மாடலும் ஒரே மாதிரி எண்ணாது, அதனால இத உறுதின்னு எடுத்துக்காதீங்க.

பெண்டிங்னா டிஸ்க் என்ன நெனைக்குதுன்னா, இத என்னால படிக்க முடியல, ஆனா உள்ள இருக்கறது என்னன்னு தெரியாம நானா ஸ்பேருக்கு மாத்தினா பழைய டேட்டா இருந்த இடத்துல குப்பை வந்துடும், அதனால யாராவது புதுசா எழுதச் சொல்ற வரைக்கும் காத்திருக்கேன். அப்படி எழுதச் சொல்லும்போது ரெண்டுல ஒண்ணு நடக்கும். எழுதிப் பாத்து நல்லா படிச்சுதுன்னா அந்த இடம் நல்ல இடம்தான்னு முடிவு பண்ணி பெண்டிங்லேர்ந்து எடுத்துடும், சி5 குறையும், 05 ஏறாது. எழுதியும் ஒழுங்கா படிக்கலன்னா ஸ்பேருக்கு மாத்தும், சி5 குறைஞ்சு 05 ஏறும். எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போறது, யூஎஸ்பி கேபிள் பிடுங்கறது, எழுதற நேரத்துல டிஸ்க் அதிர்றது இதனால வர்ற பேட் செக்டார் முதல் வகை, மேற்பரப்புல ஒரு கீறலும் இருக்காது, உள்ள எழுதியிருக்கறதும் அதோட பிழை திருத்தற பைட்டும் ஒத்துப்போகல, அவ்ளோதான். கீறல், பூச்சு போனது, ஹெட் வீக் ஆனது எல்லாம் ரெண்டாவது வகை. இப்ப உங்க நிலைமையில கஷ்டம் எங்கன்னா, இது எந்த வகைன்னு தெரிஞ்சுக்க உறுதியான வழி எழுதிப் பாக்கறதுதான், எழுதினா அங்க இருந்த டேட்டா அந்த நொடியே போயிடும். ரிப்பேர்னு எல்லாரும் சொல்றது இந்த எழுதறதத்தான். டிஸ்க்குக்கு நல்லதும் உங்க ஃபோட்டோவுக்கு நல்லதும் இந்த இடத்துல நேர் எதிரா நிக்குது, அதனாலதான் வரிசை முக்கியம், முதல்ல காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்.

இத வச்சு செக்டிஸ்க்குக்கு வருவோம். ஸ்லாஷ் எஃப் போட்டா அது டிஸ்க்கோட மேற்பரப்பப் பாக்கறதே இல்ல, எந்த ஃபைல் எங்க இருக்குன்னு குறிச்சு வைக்கற என்டிஎஃப்எஸ் கணக்குப் புத்தகம் ஒழுங்கா இருக்கான்னு மட்டும்தான் பாக்கும். ஸ்லாஷ் ஆர் போட்டா அதோட சேத்து ஒவ்வொரு கிளஸ்டரா படிச்சும் பாக்கும். படிக்க முடியாத கிளஸ்டர் மாட்டினா அத டாலர் பேட்கிளஸ்னு ஒரு மறைவான ஃபைல்ல சேத்துடும், இனிமே விண்டோஸ் அந்த இடத்த யாருக்கும் குடுக்காது. அந்தக் கிளஸ்டர் ஒரு ஃபைலுக்குச் சொந்தமா இருந்தா அந்த ஃபைலுக்கு வேற கிளஸ்டர் ஒண்ணக் குடுத்து 'மாத்திட்டேன்'னு சொல்லும், நீங்க பாத்த வரி அதுதான். மாத்தினது இடத்த மட்டும்தான், உள்ள இருந்தது படிக்கவே முடியலையே, அது புது இடத்துக்கு வராது. 512 பைட் ஒண்ணு கெட்டா கூட 4 கேபி கிளஸ்டர் மொத்தமும் அந்த ஃபைல்லேர்ந்து கழண்டு போச்சுன்னு அர்த்தம். கெட்ட செக்டார் மேல செக்டிஸ்க் எதுவும் எழுதறதில்ல, அதனால டிஸ்க்கோட கணக்குல அது இன்னும் பெண்டிங்தான், மஞ்சள் போகாததுக்குக் காரணம் இதுதான். ஆக செக்டிஸ்க்கப் பொறுத்தவரைக்கும் உங்க சந்தேகம் சரி, அது ரிப்பேர் பண்ணல, வேலி போட்டு ஒதுக்கிச்சு. அதுல ஒரு நல்லதும் இருக்கு: அந்த செக்டார்ல இருக்கற பழைய டேட்டா இன்னும் அங்கயேதான் இருக்கு, ஃபைலோட தொடர்பு மட்டும்தான் அறுந்துருக்கு. எந்த ஃபைல்னு பாக்கணும்னா ஈவென்ட் வியூவர்ல அப்ளிகேஷன் லாக்ல செக்டிஸ்க் ரிப்போர்ட் முழுசா கிடக்கும், அத எடுத்து பத்திரமா வைங்க, பின்னாடி உதவும்.

இதுல இன்னொரு கிளைக்கதை. இந்த மாதிரி டிஸ்க்க அப்படியே புது டிஸ்க்குக்கு க்ளோன் பண்ணினா டாலர் பேட்கிளஸ் பட்டியலும் கூடவே போயிடும், அப்புறம் புத்தம் புது டிஸ்க்ல செக்டிஸ்க் ஓட்டினா 'பேட் செக்டார்ல இத்தனை கேபி'ன்னு காட்டும், பாத்தவங்க பயந்துபோய் வாங்கின கடைக்கு சண்டைக்குப் போவாங்க. அதுக்கு ஸ்லாஷ் பி போடணும், அது பழைய பட்டியல எடுத்துட்டுத் திரும்பச் சோதிச்சுப் பாக்கும்.

அடுத்தது கடைக்காரர் சொன்ன ரீஜெனரேட்டர். அந்த சாஃப்ட்வேர் சொல்லிக்கறது என்னன்னா, மேற்பரப்புல காந்தம் தப்பா ஏறின இடத்துக்கு விசேஷமான சிக்னல் வரிசை அனுப்பி காந்தத்த மீட்டு எடுக்கறோம், டேட்டாவும் அப்படியே இருக்கும்னு. இதுல எனக்கு உறுதியா தெரிஞ்சத முதல்ல சொல்றேன். டிஸ்க்க கம்ப்யூட்டர்ல நேரா மாட்டற சாட்டா வழியாவோ யூஎஸ்பி வழியாவோ ஒரு சாஃப்ட்வேரால ஹெட்டுக்கு எவ்ளோ கரண்ட் போகணும் எந்த வடிவத்துல போகணும்னு சொல்ல வழியே கிடையாது. நீங்க அனுப்பற பைட்ட டிஸ்க் தன்னோட முறையில கலைச்சு, கோட் பண்ணி, பிழை திருத்தற பைட்ட சேத்து தன்னோட கரண்ட்ல எழுதும். 'விசேஷ சிக்னல்'னு ஒண்ணு வெளியிலேர்ந்து பிளாட்டர் வரைக்கும் போகவே முடியாது. அப்ப அது ஓட்டினதும் நிறைய டிஸ்க் சரியாகுதேன்னு கேப்பீங்க, ஆகுது, நானே பாத்திருக்கேன், அது பொய் இல்ல. மேல சொன்ன முதல் வகை செக்டார் மேல யார் எதை எழுதினாலும் சரியாயிடும், அதுக்கு இந்த சாஃப்ட்வேர்தான் வேணும்னு இல்ல, விஸ்டாவுக்கு அப்புறம் வந்த விண்டோஸ்ல குயிக் இல்லாத முழு ஃபார்மேட் போட்டாலே வால்யூம் முழுக்க சைபர் எழுதும், அதே பலன்தான். டேட்டா அப்படியே இருக்கும்ங்கறதுதான் சந்தேகத்துக்குரிய பகுதி. பல தடவை படிச்சுப் பாக்கும்போது ஒரு தடவை டிஸ்க் ஜெயிச்சு சரியான டேட்டாவக் குடுத்துடுச்சுன்னா அதத் திரும்ப எழுதலாம், அப்ப நிஜமாவே டேட்டா பிழைச்சுது. ஜெயிக்கலன்னா எழுதறது எதுவா இருந்தாலும் அது உங்க ஃபோட்டோவோட துண்டு இல்ல. 'ரிகவர்டு'ன்னு ஸ்கிரீன்ல வர்ற வார்த்த இந்த ரெண்டுல எது நடந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்றதில்ல.

ஸ்பின்ரைட்ங்கற இன்னொரு ரிப்பேர் சாஃப்ட்வேர் கொஞ்சம் வேற மாதிரி, அதப் பத்தி நேர்மையா சொல்லணும்னா அதுக்கு ஒரு நல்ல வரலாறு இருக்கு. ஸ்டீவ் கிப்சன் 80கள்ல எழுத ஆரம்பிச்சது, அப்ப இருந்த எம்எஃப்எம், ஆர்எல்எல்ங்கற பழைய வகை டிஸ்க்ல கெட்ட இடத்தோட பட்டியல் டிஸ்க் மேலயே ஸ்டிக்கரா ஒட்டி வரும், நாமதான் டைப் பண்ணி ஏத்தணும், லோ லெவல் ஃபார்மேட் கூட நாமே போடலாம். அப்ப சாஃப்ட்வேர் நிஜமாவே செக்டார புதுசா வரைஞ்சுது. இன்னைக்கு டிராக்க வழிகாட்டற சர்வோ குறிகள் ஃபேக்டரியிலயே எழுதப்பட்டு வருது, நம்மால அதத் தொட முடியாது, அதனால இன்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட்லயோ வேற எங்கயோ 'லோ லெவல் ஃபார்மேட் போட்டுத் தரேன்'னு யாராவது சொன்னா அது முழுக்க சைபர் எழுதறதுன்னு புரிஞ்சுக்கங்க. ஸ்பின்ரைட்டோட டைனாஸ்டாட்ங்கற முறை ஒரே செக்டார 2000 தடவை வரைக்கும் படிச்சு, ஹெட்ட வேற வேற திசையிலேர்ந்து வரவச்சு, கிடைச்சத வச்சு இருந்திருக்கக்கூடிய பிட்டக் கணிக்கப் பாக்கும். பழைய டிஸ்க்ல இது அருமையான யோசனை, ஏன்னா 'ரீட் லாங்'னு ஒரு கட்டளை இருந்துது, பிழையோட இருந்தாலும் பரவால்ல உள்ள இருக்கறத அப்படியே குடுன்னு கேக்கலாம். டிஸ்க்குக்குக் கட்டளை அனுப்பற ஏடிஏ தரத்துல அது பின்னாடி வழக்கொழிஞ்சு போச்சு, இன்னைக்கு டிஸ்க் படிக்க முடியலன்னா பெரும்பாலும் எரர் மட்டும்தான் வரும், அரைகுறை டேட்டா வராது. அதனால அந்தக் கணிப்பு இன்னைக்கு எவ்ளோ தூரம் வேலை செய்யுதுங்கறதுல எங்க துறையிலயே ஒத்த கருத்து கிடையாது, என்னோட கணிப்பு, பெரும்பாலும் ஜெயிக்கறது திரும்பத் திரும்பப் படிக்கறதோட பலன்தான். 2004ல வந்த 6.0க்கு அப்புறம் 2024ல 6.1 வந்து வேகம் நிறைய கூடியிருக்கு. ஆனா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க, தோக்கற ஒவ்வொரு படிப்புக்கும் டிஸ்க் ரெண்டே செகண்ட் எடுத்தா கூட 2000 தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல, அதுவும் ஒரே செக்டாருக்கு. ஹெட் சாகற நிலைமையில இருக்கற டிஸ்க்ல அந்த ஒரு மணி நேரம் படிக்கக்கூடிய மத்த 195 கோடி செக்டாருக்குப் போயிருக்கணும்.

விக்டோரியா, எம்எச்டிடி இதெல்லாம் என் கையில தினம் புழங்கற டூல், இதுக எதையும் பெருசா சொல்லிக்கறதில்ல அதனாலயே எனக்குப் பிடிக்கும். பிளாக் பிளாக்கா படிச்சு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு கலர்ல காட்டும், நல்ல இடம் சில மில்லிசெகண்ட், 600 மில்லிசெகண்ட் தாண்டினா டிஸ்க் அங்க அம்பது சுத்துக்கு மேல போராடியிருக்குன்னு அர்த்தம், இன்னும் எரர் வரல ஆனா வரப்போகுது. டிஸ்க்கோட நாடி பாக்க இதவிட நல்லது இல்ல. ஆனா அதுல ரீமேப், எரேஸ்னு பட்டன் இருக்கு, ரெண்டுமே எழுதும், எரேஸ் போட்டா கெட்ட செக்டாரோட அந்த மொத்த பிளாக்கையும் சேத்து அழிக்கறது உண்டு, பக்கத்துல நல்லா இருந்ததும் போயிடும். யூட்யூப்ல பாத்துட்டு நேரா அந்தப் பட்டன அமுக்கறவங்க நிறைய, தயவுசெஞ்சு டேட்டா உள்ள இருக்கும்போது அதத் தொடாதீங்க.

சரி, அப்ப என்ன பண்ணணும். கெட்டுப்போற டிஸ்க்லேர்ந்து காப்பி எடுக்கற வேலைக்குன்னே யோசிச்சு எழுதினது ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ, அன்டோனியோ டியாஸ் டியாஸ் 2004லேர்ந்து எழுதிட்டு வர்றார், இலவசம், லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில கிடைக்கும். இதோட அறிவு எதுலன்னா, கெட்ட இடத்தப் பாத்ததும் அங்க நின்னு சண்டை போடாது. முதல் சுத்துல 64 கேபி துண்டு துண்டா வேகமா படிச்சுக்கிட்டே போகும், எரர் வந்தா அந்த இடத்தக் குறிச்சு வச்சுட்டுத் தாண்டிக் குதிக்கும், திரும்பத் திரும்ப எரர் வந்தா குதிக்கற தூரத்தக் கூட்டும். அடுத்த சுத்துல எதிர்ப்பக்கத்துலேர்ந்து வரும். நல்ல இடமெல்லாம் கையில வந்தப்புறம்தான் கெட்ட பகுதியோட ரெண்டு ஓரத்தையும் செக்டார் செக்டாரா செதுக்கும், அதுக்கப்புறம் நடுவுல சுரண்டும், கடைசியா நாம சொன்னா மட்டும் மீதி இருக்கறத மறுபடி முயற்சி பண்ணும். எது வந்துச்சு எது வரலங்கறத மேப் ஃபைல்னு ஒண்ணுல எழுதிக்கிட்டே இருக்கும், டிஸ்க் நடுவுல மயங்கி விழுந்தா கழட்டி ஆறவச்சு திரும்ப மாட்டி விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். முதல் ஓட்டத்துல சுரண்டற கட்டத்த மைனஸ் என் போட்டு நிறுத்தி வைங்க, நல்லதெல்லாம் வந்தப்புறம் அத எடுத்துட்டு ஓட்டுங்க. மூல டிஸ்க்ல இது ஒரு பைட் கூட எழுதாது. எதையாவது ஓட்டணும்னா எனக்குத் தெரிஞ்சவரைக்கும் முதல்ல ஓட்ட வேண்டியது இதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை, எந்த டிஸ்க்லேர்ந்து எந்த டிஸ்க்குக்குங்கறத தலைகீழா குடுத்துட்டா மொத்தமும் போச்சு, அதனால சைசையும் சீரியல் நம்பரையும் பாத்துட்டுக் குடுங்க, அதே அளவோ பெருசோ உள்ள நல்ல டிஸ்க் ஒண்ணு வேணும்.

எவ்ளோ நேரம் ஆகும்னா, நல்ல நிலைமையில செகண்டுக்கு 100 எம்பி வந்தா 1 டிபிக்கு மூணு மணி நேரத்துக்குள்ள. மூணு செக்டார்தான் கெட்டிருக்குன்னா அதோட சில நிமிஷம் சேத்துக்கங்க. ஆனா ஒரு லட்சம் செக்டார் கெட்டு ஒவ்வொண்ணுக்கும் 10 செகண்ட் எடுத்தா கணக்கு 11 நாளத் தாண்டும், அத்தன நாள் அந்த டிஸ்க் தாங்குமாங்கறது பெரிய கேள்வி. எக்ஸ்டர்னல் டிஸ்க்ல யூஎஸ்பி போர்டு நடுவுல இருக்கறதால எரர் வரும்போது அது தொடர்பையே துண்டிச்சுக்கும், முடிஞ்சா கேஸ்லேர்ந்து கழட்டி நேரா சாட்டாவுல மாட்டறது நல்லது, ஆனா சில மாடல்ல யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கோட போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கும், சிலதுல அந்தப் போர்டே டேட்டாவ என்க்ரிப்ட் பண்ணி எழுதும், அதுகள கழட்டிப் பிரயோஜனம் இல்ல, யூஎஸ்பி வழியாவே பொறுமையா பண்ணணும்.

மேப் ஃபைல வச்சு நிறைய கண்டுபிடிக்கலாம், இதத்தான் நிறைய பேர் பாக்காம விடறாங்க. கெட்டது ஒரே இடத்துல கொத்தா இருந்தா அங்க ஏதோ ஒரு கீறலோ எழுதும்போது நடந்த தடங்கலோ. டிஸ்க் முழுக்க சீரான இடைவெளியில பட்டை பட்டையா வந்தா ஒரு ஹெட் வீக் ஆயிடுச்சுன்னு பலமான சந்தேகம், ஏன்னா ஃபர்ம்வேர் கொஞ்ச தூரம் ஒரு ஹெட்டுல கொஞ்ச தூரம் அடுத்த ஹெட்டுலன்னு மாத்தி மாத்தித்தான் நம்பர் குடுக்கும். அப்படி வந்தா அங்கேயே நிறுத்துங்க. எங்ககிட்ட இருக்கற பிசி-3000 மாதிரி ஹார்ட்வேர் டூல்ல எந்த ஹெட்டுல எந்தப் பகுதின்னு பாத்து நல்ல ஹெட்டோட டேட்டாவ மட்டும் முதல்ல எடுக்கலாம், டிஸ்க் உள்ளுக்குள்ள பண்ற மறு முயற்சியக் குறைக்கலாம், தொங்கினா பவரக் கட் பண்ணி எழுப்பலாம், இதெல்லாம் சாதாரண சாஃப்ட்வேரால முடியாது. 'டிக் டிக்'னு சத்தம் வந்தாலோ, சுத்த ஆரம்பிச்சு நின்னு போனாலோ எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், ஹெட் பிளாட்டருக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துல பறக்குது, உடைஞ்ச ஹெட்டோட ஓட்டற ஒவ்வொரு நிமிஷமும் பூச்சத் தேய்ச்சு எடுக்கும், அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது.

இமேஜ், அதாவது டிடிரெஸ்க்யூ எடுத்த முழு காப்பி, கையில வந்தப்புறம் ஆர்-ஸ்டூடியோ, டிஎம்டிஈ, ஃபோட்டோரெக் மாதிரி ஃபைல் மீட்கற சாஃப்ட்வேர் எது வேணாலும் அந்த இமேஜ் மேல ஓட்டுங்க, பயமே இல்ல. வராத இடம் எந்த ஃபைல்ல விழுந்துச்சுன்னு தெரிய ஒரு அழகான வழி உண்டு, டிடிரெஸ்க்யூவோட ஃபில் மோட்ல இமேஜ்ல இருக்கற அந்த ஓட்டைகள்ல மட்டும் ஏதாவது ஒரு தனி வார்த்தைய நிரப்பி, அப்புறம் எல்லா ஃபைல்லயும் அந்த வார்த்தையத் தேடினா அடிபட்ட ஃபைல் மட்டும் சிக்கும். ஃபோட்டோ ஜேபெக்கா இருந்தா ஓட்டை விழுந்த இடத்துக்குக் கீழ கலர் மாறியோ சாம்பலாவோ போயிடும், மேல் பகுதி நல்லாருக்கும். வீடியோன்னா நடுவுல போனா ஒரு நொடி சதுரம் சதுரமா உடைஞ்சுட்டு ஓடிடும், ஆனா எம்பி4ல குறிப்புப் பகுதி இருக்கற இடத்துல விழுந்தா மொத்த ஃபைலும் திறக்காது. உங்க விஷயத்துல செக்டிஸ்க் ஏற்கெனவே சில ஃபைல்லேர்ந்து அந்தக் கிளஸ்டரக் கழட்டிடுச்சு, அதனால தேடினா அந்த ஃபைல் பேர் இதுல வராம போகலாம், அதுக்குத்தான் ஈவென்ட் லாக் வேணும்னு சொன்னேன்.

இதெல்லாம் முடிஞ்சு ஃபோட்டோ ரெண்டு இடத்துல பத்திரமானப்புறம் டிஸ்க்க ரிப்பேர் பண்ணிப் பாக்கலாம், அதுக்குக் காசு குடுத்து எதுவும் வாங்க வேண்டாம். முழு ஃபார்மேட் போடுங்க, அது பார்ட்டிஷன் வரைக்கும்தான் எழுதும், முழு டிஸ்க்கும் வேணும்னா விக்டோரியாவுல ரைட் ஓட்டுங்க. முடிஞ்சதும் சி5 பூஜ்யம், 05ம் பூஜ்யமாவே இருந்துச்சுன்னா எழுதும்போது நடந்த தடங்கல்தான், டிஸ்க் அநேகமா நல்லாருக்கு. 05 ஏறியிருந்தா டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கற ஸ்மார்ட் லாங் டெஸ்ட் ஒண்ணு ஓட்டி ஒரு மாசம் கவனிங்க, திரும்ப ஏறினா அத நம்ப வேண்டாம். சி7 (டேட்டா போற வழியில வர்ற பிழை) மட்டும் ஏறினா கேபிள் பிரச்சனை, மேற்பரப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கூகுள்காரங்க 2007ல ஒரு லட்சத்துக்கு மேல டிஸ்க்க வச்சு வெளியிட்ட ஆய்வுல, முதல் ஸ்கேன் எரர் வந்த டிஸ்க் அடுத்த 60 நாள்ல சாகற வாய்ப்பு எரர் இல்லாததவிட 39 மடங்குன்னும், முதல் ரீஅலொகேஷன் (ஸ்பேருக்கு மாத்தறது) வந்ததுக்கு 14 மடங்குன்னும் வந்துது. அதே ஆய்வுல செத்த டிஸ்க்ல பாதிக்கு மேல இந்த மாதிரி முக்கியமான ஸ்மார்ட் எண் எதுவுமே ஏறாமதான் செத்துதுன்னும் இருக்கு. அது பழைய டிஸ்க், டேட்டா சென்டர்ல ஓடினது, அந்த மடங்க அப்படியே உங்க டிஸ்க்குக்குப் பொருத்த முடியாது, ஆனா எண் ஏறினா பயப்படணும், எண் ஏறலங்கறதால நிம்மதியா இருக்க முடியாதுங்கறது என் அனுபவத்துலயும் அப்படியேதான். செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கும்போது 05 பூஜ்யம்னு காட்டினா அத வச்சு முடிவு பண்ணாதீங்க, ஃபர்ம்வேர் டூல் கையில இருந்தா ஜி-லிஸ்ட்டையும் ஸ்மார்ட் எண்ணையும் துடைச்சுட்டு விக்க முடியும்.

சுத்தற தட்டே இல்லாம சிப்ல எழுதற எஸ்எஸ்டிக்கு இது எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க, அங்க கன்ட்ரோலர் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் இடத்த மாத்திக்கிட்டே இருக்கும், சர்ஃபேஸ் ரிப்பேர்ங்கற பேச்சுக்கே இடமில்ல.

உங்க டிஸ்க்க நேர்ல பாக்காம என்னால சொல்ல முடியாதது ஒண்ணு இருக்கு, இந்த 24 நின்ன இடத்துலயே நிக்குதா ஏறிக்கிட்டே போகுதாங்கறது. டிடிரெஸ்க்யூ முதல் ஓட்டம் முடிஞ்சதும் 05, சி5, சி6 (ஸ்கேன்லயும் சரி பண்ண முடியாத செக்டார்) மூணும் எவ்ளோன்னும், மேப் ஃபைல்ல கெட்டது கொத்தா இருக்கா பட்டையா இருக்கான்னும் இங்கயே போடுங்க, அதுக்கப்புறம் மேல ஓட்டலாமா நிறுத்தலாமான்னு பாத்துச் சொல்றேன். சத்தம் ஏதாவது மாறினா மட்டும் என் பதிலுக்குக் காத்திருக்காம உடனே கழட்டிடுங்க.